மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், கோவையைச் சுற்றிப் பெருகிவிட்ட முதியோர் இல்லங்களைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். லிஃப்ட் இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா, மாதம் ஒரு தடவை மருதமலைக்கு வேன் போகிறதா என்றெல்லாம் விசாரித்திருந்த உங்கள் நிருபர், கை கழுவ எத்தனை குழாய் இருக்கிறது என்று கேட்கவில்லை. அவர் மேல் குறையில்லை. பெற்றோரைச் சேர்க்க வருகிற பிள்ளைகளும் கேட்பதில்லை. நானே கேட்காமல்தான் சேர்ந்தேன். இத்தனைக்கும் 33 வருடம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து 2009-ல் ஓய்வு பெற்றவள். இந்த இல்லங்களில் தொற்று பரவுவதையும், தேவையில்லாமல் ஆண்டிபயாடிக் கொடுப்பதையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்காரர் போன பிறகு, மூன்று வருடமாக இப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறேன். வயது 74. இங்கே நான் பணம் கட்டித் தங்கியிருப்பவள்தான், ஆனாலும் எல்லோருக்கும் 'சிஸ்டரம்மா'. பிரஷர் பார்க்கச் சொல்வார்கள், ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதனால் மற்றவர்கள் பார்க்காத சிலது என் கண்ணில் படுகிறது.

என் எதிர் அறையில் 81 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுநாளும் அதே குழப்பம். சாப்பாடு இறங்கவில்லை. டயப்பர் மாற்றிய பெண், "யூரின் நாத்தமடிக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். யூரின் லேபுக்குப் போனது, இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது, கிருமி வளர்ந்திருக்கிறது என்று. வாரம் ஒரு நாள் வருகிற டாக்டருக்கு மேலாளர் அதை வாட்ஸப்பில் அனுப்பினார். பதிலும் வாட்ஸப்பில் வந்தது: லீவோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக், ஒரு வேளை, ஏழு நாள். பையன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வாங்கி வந்தான். ஒருவரும் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பார்க்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். கட்டில் கம்பியில் கண்ணாடி வளையல் தட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. போய் விளக்கைப் போட்டேன். நைட்டி முழுக்க நனைந்திருந்தது, கை சில்லிட்டிருந்தது, விரல் நடுங்கி வளையல் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. நல்லவேளை, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே 108-க்குப் போன் போடச் சொன்னேன்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு இந்த வகை ஆண்டிபயாடிக்கைக் கொடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பது புதுச் செய்தி இல்லை. குழப்பம் வரலாம், குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் அறுந்துபோகலாம், 60 வயதுக்கு மேல் இதெல்லாம் கூடுதல் என்பதும் அப்படித்தான். குழப்பத்துக்குக் கொடுத்த மருந்தே குழப்பத்தை உண்டாக்கக் கூடியது என்பது எனக்கு அன்று ராத்திரி ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" ஆறு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாங்க?" அதற்கு அக்காவே பிற்பாடு எனக்குப் பதில் சொன்னார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். ராத்திரி அந்தப் புள்ளையை எத்தனை தடவை எழுப்பறது, அம்மிணி?" ராத்திரி டூட்டியில் ஒரே ஒரு பெண். ஒடிசாவிலிருந்து வந்தவள். மாடியும் கீழுமாகப் பதினாறு பேருக்கு அவள் ஒருத்தி.

மலம் இறுகியது, தண்ணீர் வற்றியது, அதில் தலை குழம்பியது. யூரின் கெட்டியாகி நாற்றமடித்தது. இதற்குத் தேவைப்பட்டது எனிமாவும் எட்டு டம்ளர் தண்ணீரும், பாத்ரூமுக்குக் கூட்டிப்போக இன்னோர் ஆளும்தான். ஆள் போட முடியாத இடத்தில் மாத்திரை போட்டார்கள். எங்கள் இல்லத்தில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. எனக்குத் தெரிந்த செவிலியர்கள் நாலைந்து பேர் வேறு வேறு இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்ததே, அது பொய்யா? பொய் இல்லை. இதைத்தான் கொஞ்சம் விளக்கமாக எழுத ஆசைப்படுகிறேன். இந்த மாதிரி இல்லங்களில் நீண்ட காலம் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 பேருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். யூரின் ட்யூப் போட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். திண்ணையில் படுத்திருப்பவன் வேறு, பூட்டை உடைத்து உள்ளே வருகிறவன் வேறு. திண்ணையில் படுத்திருப்பவனையும் மாத்திரை போட்டு விரட்டினால், நாலு நாளில் அந்த இடத்துக்கு வருகிறவன் மாத்திரைக்குப் பயப்படாதவனாக இருப்பான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: முதியவருக்குக் குழப்பம் இருக்கிறது, யூரினில் கிருமியும் இருக்கிறது, ஆனால் காய்ச்சலோ நீர்க்கடுப்போ இல்லை என்றால், உடனே ஆண்டிபயாடிக் கொடுக்காமல் வேறு காரணத்தைத் தேடுங்கள், பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள் என்று.

கவனியுங்கள் என்ற அந்தச் சொல்லுக்குத்தான் இங்கே ஆள் இல்லை.

யூரின் எடுக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். புராஸ்டேட் தொந்தரவு, பல மாதமாக ட்யூப். பேக் தரையில் கிடக்கும். சில நாள், கூட்டும்போது இடைஞ்சல் என்று தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிடுவார்கள். பேக் மேலே போனால் உள்ளே இருப்பது திரும்பவும் மூத்திரப்பைக்குள் ஓடும் என்று யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட்டுக்கு, வேண்டுமென்று லேப் பையன் வந்தால், பேக்கின் அடிக்குழாயைத் திறந்து அதிலிருந்தே பிடித்துக்கொடுப்பார்கள். நாள் முழுக்கச் சூட்டில் கிடந்த பேக் அது. ரசத்தை ஒரு நாள் வெளியில் வைத்துவிட்டு, புளித்துப்போச்சா என்று லேபுக்கு அனுப்பின மாதிரி. பழைய ட்யூபை எடுத்துவிட்டுப் புது ட்யூப் போட்டு, அதில் முதலில் வருவதைப் பிடித்தால்தான் அந்தக் கல்ச்சருக்கு அர்த்தம் உண்டு. அதற்கும் முன்னால், வாத்தியாருக்கு இன்னும் ட்யூப் வேண்டுமா என்று யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டேன். ட்யூப் இருந்தால் டயப்பர் மாற்றுகிற வேலை மிச்சம் என்றார்கள்.

என் பங்கையும் ஒளிக்கக் கூடாது. வார்டில் இருந்த காலத்தில் காலை ரவுண்ட்ஸில், "சார், ஒன்பதாம் பெட் ஒரு மாதிரி இருக்காங்க, ஒரு கோர்ஸ் எழுதிடுங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எழுதிவிட்டால் எங்களுக்கு நிம்மதி, டாக்டருக்கு நிம்மதி, வெளியே நிற்கிற மகனுக்கும் நிம்மதி. அந்த மகன் இப்போது வீடியோ காலில் வருகிறார். அங்கே அவருக்கு ராத்திரி, தூக்கமில்லாமல், "எதுக்கும் ஒரு ஆண்டிபயாடிக் போடச் சொல்லுங்க" என்கிறார். தூரத்தில் இருக்கிறவருக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? மேலாளருக்கும் பயம், பின்னால் ஏதாவது ஆனால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று. இவர்களில் யாரையும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது, அது செலவு பிடித்ததும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலும் 24 இல்லங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதி இல்லங்களில் செவிலியர் கையிலும் டாக்டர் கையிலும் ஒரு படம் போட்ட அட்டையைக் கொடுத்தார்கள்: இன்னின்ன அறிகுறி இருந்தால் மட்டும் யூரினை அனுப்பு, இன்னின்னது இருந்தால் மட்டும் மருந்தை ஆரம்பி. அட்டை கொடுத்த இல்லங்களில் சிறுநீர்த் தொற்று என்று சொல்லிக் கொடுக்கும் ஆண்டிபயாடிக் கணிசமாகக் குறைந்தது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோ இறப்பவர்களோ கூடவில்லை.

அந்த அட்டையில் இருந்தது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ட்யூப் இல்லாதவர் என்றால், புதிதாக நீர்க்கடுப்பு. அல்லது காய்ச்சலோடு அடிக்கடி அவசரமாகப் போவது, அடிவயிற்று வலி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தட்டினால் வலி, ரத்தம் கலந்து போவது போல ஏதாவது ஒன்று. ட்யூப் உள்ளவர் என்றால் காய்ச்சல், குளிர் நடுக்கம், அந்த முதுகு வலி, திடீரென்று புதிதாக வந்த குழப்பம். நாற்றமும் கலங்கலும் பட்டியலிலேயே இல்லை. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, மருந்து அலமாரிக் கதவில் ஒட்ட எவ்வளவு ஆகும்?

காத்திருந்து பார்ப்பது என்று நான் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு இரைக்கிறது, உடம்பு நடுங்குகிறது, பிரஷர் இறங்குகிறது, எழுப்பினால் எழவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது ரத்தத்தில் தொற்று பரவுகிற அறிகுறியாக இருக்கலாம், அங்கே ஆண்டிபயாடிக்தான் உயிர். வயதானவர்களுக்குக் காய்ச்சலும் பெரிதாக ஏறாது, 100 டிகிரியே எங்களுக்கு அதிகம். மற்றபடி, காத்திருக்கிற ஒரு நாளில் நாலு மணிக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் எழுத வேண்டும், தண்ணீர் எவ்வளவு போனது என்று எழுத வேண்டும், வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், புதிதாக என்ன மாத்திரை சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். சும்மா இருப்பதைவிட வேலை அதிகம்.

அப்புறம், தொற்றே வராமல் பார்ப்பது. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வாசலில் 2020-ல் வாங்கிய, காலால் மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு இன்னும் நிற்கிறது. பாட்டில் இல்லை. மழைக்காலத்தில் அதில் குடை மாட்டுகிறோம். காலை ஆறு மணிக்கு டயப்பர் மாற்ற வருகிற பெண் கையுறை போட்டுக்கொண்டுதான் வருகிறாள். ஆனால் ஓர் அறையில் போட்ட அதே கையுறையோடு நாலு அறை போய்விட்டு, அதே கையால் கதவுப் பிடியைத் திறந்து, தண்ணீர் ஜக்கையும் நகர்த்துகிறாள். கையுறை அவள் கையைக் காப்பாற்றியது, எங்களுக்கு ஒருவர் மலத்தை இன்னொருவர் வாசலுக்குக் கொண்டுவந்தது. அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு தளத்துக்கு ஒரு வாஷ்பேசின், அதுவும் கடைசியில். ஒவ்வொரு தடவையும் அவள் நடந்துபோய் ஒரு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தால், பதினாறு பேரை முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சானிடைசர் பாட்டில் தொங்கினால் 20, 30 விநாடியில் வேலை முடியும். பேதி பரவுகிற நாட்களில் மட்டும் சானிடைசரை நம்பக் கூடாது, சோப்பும் தண்ணீரும்தான். ஆண்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்குக் குடலில் வளர்கிற ஒரு கிருமி உண்டு, பேதியில் ஆளைச் சுருட்டிவிடும், அதன் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது.

சர்க்கரை பார்க்க விரலில் குத்துகிற பேனா ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் பொது. ஊசி முனையை மாற்றுகிறோமே என்கிறார்கள். முனையை மாற்றினால் போதாது, பேனாவில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத ரத்தமே போதும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இப்படி ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பேனா, மேலே பெயர் எழுதி. எங்கள் இல்லத்தில் இதை மட்டும் சண்டை போட்டு மாற்றிவிட்டேன்.

பல் விஷயம் சிரிப்பாகத் தெரியும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில், ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டுக்குப் பின் பணியாளர்களே பல் துலக்கிவிட்டார்கள், மற்றவர்களை வழக்கம்போல விட்டார்கள். இரண்டு வருடத்தில் விட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது, துலக்கியவர்களில் 11 பேருக்கு. லான்செட் இதழில் 1999-ல் வந்த ஆய்வு. வாயில் ஊறுகிற கிருமிதான் தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது. இங்கே ராத்திரி பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிறவர்கள் ஆறு பேரை எனக்குத் தெரியும். படுத்தபடியே கஞ்சி ஊட்டுவதும் நடக்கிறது. உட்காரவைத்து ஊட்டி, அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வைத்தால் பாதி நிமோனியா பயம் போகும் என்று வார்டில் பெரிய சிஸ்டர் எங்களைப் போட்டு வறுப்பார்.

சொறி சிரங்கு வந்த கதையைச் சொன்னால் கடிதம் இன்னும் நீளும். ஒன்று மட்டும்: சொறிகிறவருக்கு மட்டும் மருந்து தடவினால் அது போகாது, சொறியாதவருக்கும் பணியாளருக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில் தடவ வேண்டும். நாங்கள் மூன்று மாதம் கழித்துத்தான் அதைச் செய்தோம். நடுவில் அதற்கும் ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் நம் சென்னையில் கூடிய மருத்துவர்கள்தான் ஆண்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்காகச் 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியல் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்த லீவோஃப்ளாக்சசின் அந்தப் பட்டியலில் இருக்கிற மருந்து. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வாட்ஸப் படத்தைக் காட்டி வாங்கி வந்த எங்கள் பையனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2024-லிருந்து சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்கிற கடைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், ஆண்டிபயாடிக்கை நீல உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அரை மணி நேரத் தூரம்தான்.

முதியோர் இல்லங்களை ஆய்வு செய்ய வருகிறவர்கள் சமையலறையைப் பார்க்கிறார்கள், தீயணைப்புக் கருவியில் தேதி பார்க்கிறார்கள், சரி. கூடவே மருந்து நோட்டையும் ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். இந்த மாதம் எத்தனை பேருக்கு ஆண்டிபயாடிக், எதற்காக, எத்தனை நாள், டாக்டர் நேரில் பார்த்தாரா என்று நாலு கட்டம் போட்ட பக்கம் ஒன்று அதில் இருக்கிறதா என்று கேட்கட்டும். ராத்திரி டூட்டியில் எத்தனை பேர் என்றும் கேட்கட்டும். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வரும்போது ஹார்லிக்ஸோடு, நிமோனியா தடுப்பூசிக்கும், வருடத்துக்கு ஒரு முறை போடுகிற ஃப்ளூ தடுப்பூசிக்கும் டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருகிறீர்கள், சந்தோஷம். மூக்கு ஒழுகினால் மட்டும் ஒரு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள்.

எதிர் அறை அக்கா நலம். என்னிடம் இருந்த பழைய மருந்துக் கோப்பையில் அளந்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குறித்து ஒரு தண்ணீர் பாட்டிலில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ராத்திரிக்கு இன்னொரு பெண்ணைப் போடுவதாக மேலாளர் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. அதுவரை அக்காவைப் பாத்ரூமுக்கு நான் கூட்டிப்போகிறேன், எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது.

கடிதம் நீளம் என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள். அட்டையில் இருந்த அறிகுறிகளை மட்டும் வெட்ட வேண்டாம். பெயரைப் போட வேண்டாம், நான் இங்கேதான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கோவை மாவட்டம்